வேதியியல் கேள்வி-பதில்: மீட்டர் 5.0 காட்டினால் போதுமா?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்காக 0.1 மோலார் செறிவும் 5.0 பி.எச். (அமில-கார அளவு) மதிப்பும் உள்ள அசிட்டேட் பஃபர் (சிறிது அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பி.எச். எளிதில் மாறாத கரைசல்) ஒரு லிட்டர் தயாரித்தேன். உப்பு-அமில விகிதத்தையும் பி.எச்.-ஐயும் இணைக்கும் ஹென்டர்சன்-ஹேசல்பாக் சமன்பாட்டின்படி கணக்கிட்டு, 5.21 கிராம் சோடியம் அசிட்டேட்டும் 2.1 மி.லி. கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலமும் எடுத்தேன். பி.எச். மீட்டர் 4.7 காட்டியது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து 5.0-க்குக் கொண்டுவந்துவிட்டேன். இதைப் பயன்படுத்தலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம், புதிதாகத் தயாரித்துவிடுங்கள். உங்கள் கணக்கில் பிழை இல்லை. அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. (அமிலத்தின் வலிமையைக் குறிக்கும் எண்) 4.76 என்பதால், 5.0 கிடைக்க உப்பும் அமிலமும் 1.74-க்கு 1 என்ற மோல் விகிதத்தில் இருக்க வேண்டும், அதாவது 0.0635 மோல் அசிட்டேட்டும் 0.0365 மோல் அமிலமும் தேவை. ஆனால் 0.0635 மோலின் நிறை 5.21 கிராம் என்பது நீரற்ற சோடியம் அசிட்டேட்டுக்கு மட்டுமே பொருந்தும். பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். மோலார் நிறை 82.03 என்பதற்குப் பதிலாக 136.08 என்று அச்சிடப்பட்டிருந்தால், உங்களிடம் இருப்பது ஒவ்வொரு மூலக்கூறோடும் மூன்று நீர் மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டிருக்கும் டிரைஹைட்ரேட், அதில் 8.64 கிராம் நிறுத்திருக்க வேண்டும். டிரைஹைட்ரேட்டில் 5.21 கிராம் எடுத்திருந்தால் கரைசலில் சேர்ந்த அசிட்டேட் 0.0383 மோல்தான்; அதற்குச் சமன்பாடு தரும் விடை 4.78. உங்கள் மீட்டர் காட்டிய 4.7-க்கு இது மிக அருகில் இருப்பதால்தான் லேபிளின் மேல் எனக்குச் சந்தேகம் எழுகிறது.

காரம் சேர்த்ததும் பி.எச். சரியாகிவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். காரம் அமிலத்தின் ஒரு பகுதியை அசிட்டேட்டாக மாற்றுமே தவிர, இரண்டின் கூட்டுத்தொகையைக் கூட்டாது. அந்தக் கூட்டுத்தொகை உங்கள் குடுவையில் ஏறத்தாழ 0.075 மோல்தான். எனவே 0.1 மோலார் என்று எழுதி ஒட்டிய அந்தக் கரைசலின் தாங்கல் திறன் (பி.எச். மாறாமல் தாக்குப்பிடிக்கும் திறன்) நான்கில் ஒரு பங்கு குறைந்திருக்கும். மீட்டருக்கு அது தெரியாது, வினையின்போது அமிலம் வெளிப்படும் சோதனையில்தான் தெரியவரும்.

கணக்குக்கும் மீட்டருக்கும் இடையே எஞ்சும் சிறு இடைவெளிக்குக் காரணம் வேறு. லாரன்ஸ் ஹென்டர்சன் 1908-இல் தந்த தொடர்பை, சோரன்சன் 1909-இல் அறிமுகப்படுத்திய பி.எச். அளவையைக் கொண்டு ஹேசல்பாக் 1916-இல் மடக்கை வடிவில் எழுதினார். செறிவுகளை அப்படியே இட்டு அதைப் பயன்படுத்தும்போது, அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே சரியாக நிறுத்தாலும் இந்தச் செறிவில் 4.9-ஐ ஒட்டியே வரும். அந்த 0.1 அளவு வேறுபாட்டை, கரைசலை 900 மி.லி.யில் வைத்துக்கொண்டு, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஏறக்குறைய 5 மி.லி. சேர்த்துச் சரிசெய்து, பிறகு குறிக்கோடு வரை நீர் ஊற்றுவது முறைதான். வேறுபாடு 0.3 என்றால் காரத்தைத் தேடாதீர்கள், தராசையும் லேபிளையும் தேடுங்கள்.

கேள்வி: அறை வெப்பநிலையில், 30 டிகிரியில், 8.0-க்குச் சரிசெய்த டிரிஸ் (காரத்தன்மையுள்ள ஒரு கரிமச் சேர்மம்) பஃபரைக் குளிர்பதன அறையில் 4 டிகிரியில் அளந்தால் 8.7 காட்டுகிறது. மீட்டரில் தானியங்கி வெப்பத் திருத்தம் இருக்கிறது. கரைசல் கெட்டுவிட்டதா?
- ஆய்வு மாணவர், கோவை

பதில்: கரைசலும் கெடவில்லை, மீட்டரும் பழுதில்லை. டிரிஸின் பி.கே.ஏ. வெப்பநிலை ஒரு டிகிரி குறையும்போது ஏறத்தாழ 0.028 கூடும், 26 டிகிரிக்கு அது 0.7 ஆகிறது. மீட்டரின் வெப்பத் திருத்தம் மின்முனையின் உணர்திறனை மட்டுமே சரிசெய்கிறது, கரைசலின் பி.எச். உண்மையிலேயே மாறுவதை அது மறைப்பதில்லை, மறைக்கவும் கூடாது. சோதனை 4 டிகிரியில் நடக்குமானால், அந்த வெப்பநிலையிலேயே 8.0-க்குச் சரிசெய்து, லேபிளில் வெப்பநிலையையும் எழுதுங்கள். நடுநிலையை ஒட்டிய பி.எச். போதுமென்றால் பாஸ்பேட் இதில் பத்தில் ஒரு பங்குதான் அசையும். ஆனால் கால்சியம் உள்ள கலவையில் அது வீழ்படிவாகிவிடும்.

கேள்வி: மீட்டரைத் தரப்படுத்த ஊற்றிய பஃபரை மீண்டும் பாட்டிலிலேயே ஊற்றலாமா?
- வாசகர், மதுரை

பதில்: கூடாது. பி.எச். 9.2 உள்ள பஃபர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மெல்ல இறங்கும், 4.0 பஃபரில் பூஞ்சை பிடிக்கும். சிறு பீக்கரில் மின்முனை நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, வேலை முடிந்ததும் கொட்டிவிடுங்கள்.