கடிகாரப் பெட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஆட்கள் காணாமல் போகும் வழக்குகளை டிவியில் விவாதம் ஆக்குவதைத் திட்டி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். விசாரணை வளையத்தில் இருப்பவரைக் குற்றவாளி மாதிரி பேசக்கூடாது என்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெருப்பில்லாமல் புகையுமா?

நான் நைட் ஷிஃப்டில் பாட்காஸ்ட் கேட்பவன். போன வாரம் சந்திரா லெவி வழக்கைக் கேட்டேன். 2001இல் வாஷிங்டனில் காணாமல் போன பெண். அவரோடு பழகிய அமெரிக்க எம்.பி. கேரி கான்டிட், முதலில் 'நல்ல தோழி' என்று மட்டும் சொன்னார். வீட்டைப் போலீஸ் சோதனை போடுவதற்குச் சில மணி நேரம் முன்பு ஒரு கைக்கடிகாரப் பெட்டியைப் பக்கத்து ஊர்க் குப்பைத்தொட்டியில் போட்டிருக்கிறார். தப்பு செய்யாதவன் ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? ஜனங்கள் பேசாவிட்டால் போலீஸ் ஃபைலை மூடிவிட்டுப் போய்விடாதா? கடைசியில் யார்தான் கொன்றது என்றும் அந்த பாட்காஸ்ட்டில் தெளிவாகச் சொல்லவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

கே.ஆர்., கோவில்பட்டி

அன்புள்ள கே.ஆர்.,

அந்தப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். அது சந்திரா லெவி கொடுத்தது அல்ல. வேறொரு பெண் கொடுத்த கடிகாரத்தின் பெட்டி. போலீஸ் வீட்டுக்கு வரப்போகிறது என்றதும், கல்யாணமான மனிதர் இன்னொரு பழைய உறவின் தடயத்தை ஒழிக்கப் பார்த்தார். அசிங்கமான காரியம்தான். ஆனால் அதற்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம்? ஒருவர் பொய் சொன்னால் எதையோ மறைக்கிறார் என்று தெரியும். எதை என்று அந்தப் பொய் சொல்லாது. இந்த வழக்கில் அந்த இடைவெளியை அமெரிக்கா முழுவதும் சேர்ந்து நிரப்பியது.

கான்டிட்டுக்காக நான் வாதாட வரவில்லை. ஜனாதிபதி கிளின்டன் மோனிகா விவகாரத்தில் மாட்டிக்கொண்டபோது எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடச் சொன்னவர்களில் இவரும் ஒருவர். தன் முறை வந்தபோது வாயே திறக்கவில்லை. போலீஸ் மூன்றாவது முறை விசாரித்தபோதுதான் உறவை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஆகஸ்டில் டிவி பேட்டியில் உட்கார்ந்து, நான் குறையில்லாத மனிதன் அல்ல என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி, நேர்க் கேள்விகளிலிருந்து நழுவினார். இரண்டு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அன்று ராத்திரியே பாதி நாடு தீர்ப்பு எழுதியிருக்கும். இத்தனைக்கும் போலீஸ் அதிகாரிகள் அவர் சந்தேகத்துக்குரிய நபர் இல்லை என்று பல தடவை சொல்லியிருந்தார்கள். சொல்லிக்கொண்டே ஜூலை மாத ராத்திரியில் அவர் வீட்டைச் சோதனையும் போட்டார்கள். வாசலில் கேமராக்கள். எதை நம்புவார்கள் ஜனங்கள்?

இந்தப் பக்கம் இவ்வளவு வெளிச்சம். சரி, அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள்.

சந்திராவுக்கு வயது 24. கலிபோர்னியாவின் மொடெஸ்டோ ஊர்ப் பெண். மத்தியச் சிறைத்துறையில் பயிற்சிப் பணி முடிந்து, பட்டமளிப்பு விழாவுக்காக ஊருக்குக் கிளம்ப வேண்டியவர். ஏப்ரல் 30 அன்று ஜிம்முக்குப் போய் உறுப்பினர் கணக்கை ரத்து செய்தார். மறுநாள், மே 1, மதியம் வரை தன் லேப்டாப்பில் இணையத்தில் இருந்தார். அப்புறம் எந்தத் தகவலும் இல்லை. பெற்றோர் பதறிப்போய் போலீஸைக் கூப்பிட்டார்கள். அவர் குடியிருந்த கட்டடத்தில் கண்காணிப்பு கேமரா உண்டு. ஆனால் ஒரு வாரம் ஆனால் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். போலீஸ் கேட்டபோது மே 1ஆம் தேதிப் பதிவு போயிருந்தது. அவர் தனியாக வெளியே போனாரா, யாராவது கூட்டிப்போனார்களா என்பதை அந்த ஒரு டேப் சொல்லியிருக்கும். லேப்டாப்பையும் பயிற்சி இல்லாத ஓர் அதிகாரி முதலில் நோண்டிக் குழப்பிவிட்டார். அதைச் சரிசெய்து எடுக்கவே வாரக்கணக்கில் ஆனது. எடுத்துப் பார்த்தால், அன்று காலை ராக் கிரீக் பார்க்கைப் பற்றி அவர் தேடியிருப்பது தெரிந்தது.

பார்க் என்றதும் நம் ஊர் சறுக்குமரம், சிமெண்ட் பெஞ்சை நினைத்துக்கொள்ளாதீர்கள். நகரத்துக்கு நடுவே 1,700 ஏக்கருக்கு மேல் நிஜமான காடு. ஜூலை கடைசியில் பயிற்சிப் போலீஸ்காரர்களை வரிசையாக நிறுத்தித் தேடினார்கள். சாலைகளிலிருந்தும் நடைபாதைகளிலிருந்தும் நூறு கெஜம் வரை தேட வேண்டும் என்பது உத்தரவு. அது கீழே இறங்குவதற்குள் சாலைகளிலிருந்து மட்டும் என்று ஆகிவிட்டது. நடைபாதையை ஒட்டிய சரிவுகள் அப்படியே விடுபட்டன. 2002 மே 22 அன்று, நாயோடு ஆமை தேடிப் போன ஒருவர் அப்படியொரு சரிவில், காய்ந்த இலைகளுக்கு நடுவே ஒரு மண்டையோட்டைப் பார்த்தார். ஒரு வருஷ வெயிலும் மழையும் பட்ட பிறகு கிடைத்த எலும்புகள். கொலை என்று மருத்துவர் அறிவித்தார். எப்படிக் கொல்லப்பட்டார் என்று சொல்ல முடியவில்லை.

இதற்கு நடுவில் பேச்சு எங்கெல்லாம் போனது தெரியுமா? டொமினிக் டன் என்று பெரிய பத்திரிகை எழுத்தாளர். குதிரைகளைப் பழக்குகிற ஒருவர் சொன்னதாக ஒரு கதையை ரேடியோவில் சொன்னார். சந்திராவை விமானத்தில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் போட்டுவிட்டார்களாம். டன் வம்புக்கு அலைகிற ஆளாக மட்டும் இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். 1982இல் அவருடைய சொந்த மகளை முன்னாள் காதலன் கழுத்தை நெரித்துக் கொன்றான். மகளைப் பறிகொடுத்த வலி என்னவென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரே இந்தக் கதையை நம்பிச் சொன்னார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கான்டிட் வழக்குப் போட்டார். 2005இல் டன் மன்னிப்புக் கேட்டு, பணம் கொடுத்து முடித்துக்கொண்டார். கடலில் போட்டதாக அவர் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் அந்தப் பெண் நகரத்துக்குள்ளேயே கிடந்தார்.

நாம் பேசாவிட்டால் போலீஸ் ஃபைலை மூடிவிடும் என்கிறீர்கள். இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. லெவி பெற்றோர் பத்திரிகைகளைத் தேடித்தேடிப் போனார்கள். போகாவிட்டால் பயிற்சிப் பணிக்கு வந்த ஒரு பெண்ணின் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. கான்டிட் வாயைத் திறந்ததும் அந்த அழுத்தத்தால்தான். ஆனால் டேப்பை ஏன் எடுக்கவில்லை, காட்டை ஏன் முழுசாகத் தேடவில்லை என்று அன்றைக்கு எத்தனை பேர் கேட்டார்கள்? கான்டிட் எங்கே சாப்பிட்டார், யாரோடு சிரித்தார் என்பதுதான் ஓடியது. செப்டம்பர் 11 வந்தது. இரட்டைக் கோபுரம் விழுந்த அன்றே கேமராக்கள் அவர் வாசலைக் காலி செய்தன. சந்திராவையும் அப்படியே மறந்தார்கள். 2002 மார்ச்சில் தன்னிடமே வேலை பார்த்தவரிடம் உட்கட்சித் தேர்தலில் கான்டிட் தோற்றார். எலும்புகள் கிடைத்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

எங்கள் தெருமுனையில் முன்பு ஓர் இஸ்திரிக்காரர் இருந்தார். தெருவில் பிளஸ் டூ படித்த பையன் காணாமல் போனான். கடைசியாக அவனோடு நின்று பேசியது இவர்தான் என்று யாரோ சொல்ல, போலீஸ் இவரை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து அனுப்பியது. திரும்பி வந்தவர் வழக்கம்போல வண்டியைத் திறந்து கரி போட்டார். ஒரு துணியும் வரவில்லை. நானும் கொடுக்கவில்லை. அவர் மேல் சந்தேகம் என்றுகூட இல்லை, எதற்கு வம்பு என்றுதான். சட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வண்டி வழியாகவே அடுத்த தெருவுக்கு நடந்து போனேன். அவர் பெட்டியின் சூட்டை விரலில் தண்ணீர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் பையன் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து போன் போட்டான். மார்க் குறைந்ததற்கு அப்பா அடித்தாராம். அதற்குள் வண்டி போய்விட்டது. எங்கே போனார் என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

யார்தான் கொன்றது என்று கேட்டிருந்தீர்கள். 2001 மே மாதமும் ஜூலையிலும் அதே காட்டில் ஓட்டப்பயிற்சி செய்த இரண்டு பெண்களைத் தாக்கியதாக எல் சால்வடாரிலிருந்து வந்த ஓர் இளைஞர் கைதாகிச் சிறையில் இருந்தார். பல வருஷம் கழித்து அவர் மேல் இந்தக் கொலை வழக்கைப் போட்டார்கள். உடல்ரீதியான தடயம் எதுவும் இல்லை. கூடச் சிறையில் இருந்தவர், என்னிடம் ஒப்புக்கொண்டார் என்று சாட்சி சொன்னார். 2010இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2011இல் 60 வருஷத் தண்டனை. இந்த முறை எல்லோரும், அப்பாடா, ஆள் கிடைத்துவிட்டான் என்றார்கள். பிறகு அந்தச் சாட்சியின் நம்பகத்தன்மையே ஆட்டம் கண்டது. மறுவிசாரணைக்கு உத்தரவானது. 2016இல் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது. அடுத்த வருஷம் அவரை நாடு கடத்தினார்கள். அவர்தான் செய்தார் என்று நான் சொல்கிறேன் என எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பிறகு இந்தக் கொலைக்காக யார் மேலும் வழக்குப் பதிவாகவில்லை.

அன்புடன்.