‘இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு!’

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். கோயம்புத்தூரிலிருந்து காரைக்குடிப் பக்கம் குடிவர நினைக்கிறோம். பள்ளத்தூரில் ஒரு பழைய வீடு பிடித்திருக்கிறது. தரகர் 48 லட்சம் என்கிறார். எங்கள் கணக்கு 42. அதைச் சொன்னால், “சென்னைப் பார்ட்டி 47 வரை வந்துவிட்டார். இன்றைக்கே இரண்டு லட்சம் டோக்கன் கொடுத்தால் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்” என்கிறார். எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? வீட்டுக்காரரிடம் நேரில் பேசினால் தவறா?

பதில்: டோக்கன் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தச் சென்னைப் பார்ட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வக்கீல் தொழிலுக்கு வந்த காலத்தில் அவர் மலேசியாப் பார்ட்டியாக இருந்தார். செட்டிநாட்டில் விலைக்கு வந்த எல்லா வீட்டையும் அவர் பார்த்திருக்கிறார், ஒன்றையும் வாங்கியதில்லை. நிஜமாகவே 47 லட்சத்தோடு ஒருவர் நின்றால், தரகர் உங்களுக்குப் போன் செய்துகொண்டிருக்க மாட்டார்.

தரகரின் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். இரண்டு சதவீதக் கமிஷன் என்று வைத்துக்கொண்டால், 48க்கு முடிந்தால் அவருக்கு 96,000. 42க்கு முடிந்தால் 84,000. வித்தியாசம் வெறும் 12,000. ஒழுங்கான தரகருக்கு விலையைவிட வியாபாரம் சீக்கிரம் முடிவதுதான் முக்கியம். அவரே வீட்டுக்காரரிடம் உங்களுக்காகக் குறைத்துப் பேசுவார். ஆனால் சிலர், “எனக்குக் கையில் 40 வந்தால் போதும், மேலே வருவது உன்னுடையது” என்று வீட்டுக்காரரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு வருவார்கள். அப்போது நீங்கள் பேரம் பேசுவது தரகரோடுதான். இன்னும் சிலர் வீட்டுக்காரரிடம் சின்னத் தொகை கொடுத்துத் தங்கள் பெயருக்கே ஒரு அக்ரிமெண்ட் போட்டு வைத்திருப்பார்கள். அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது? உங்களைப் போன்ற ஒருவர் கொடுத்த டோக்கனிலிருந்து! இப்படி டோக்கன் கொடுத்துவிட்டு, துண்டுச் சீட்டும் கையுமாக என்னிடம் வருகிறவர்களுக்கு நான் காப்பி வாங்கிக் கொடுக்கலாம். பணத்தை வாங்கித் தருவது கஷ்டம்.

உங்கள் தரகர் எந்த வகை என்று தெரிய ஒரே வழி, வீட்டுக்காரரை வைத்துக்கொண்டுதான் விலை பேசுவேன் என்று சொல்வது. வெளிநாட்டில் இருந்தால் வீடியோ காலில் பேசலாம். தரகரும் பக்கத்தில் இருக்கட்டும், அவரை ஒதுக்க வேண்டாம். வீட்டைக் காட்டியவர் அவர், கமிஷன் நியாயமாக அவருக்குச் சேர வேண்டியது. எவ்வளவு என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். அவர் நாள் கடத்திக்கொண்டே போனால் சமாச்சாரம் புரிந்துவிடும்.

சரி, எவ்வளவு கேட்பது? 39இல் ஆரம்பியுங்கள். வெறும் வாயால் கேட்காதீர்கள். ஒரு கொத்தனாரையும் ஆசாரியையும் கூட்டிப்போய், நாட்டு ஓடு மாற்ற, வளவில் (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) மழைத் தண்ணீர் போகும் வழியைச் சரிசெய்ய, செல்லரித்த கட்டைகளை எடுக்க எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதம் உங்களைவிட நன்றாகப் பேரம் பேசும். முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக ஒன்பது சதவீதம் தனி. 42 லட்சத்துக்கே 3,78,000. அதைச் சேர்க்காமல் மனதில் கணக்குப் போடாதீர்கள்.

“பத்திரத்தில் 25 போட்டுக்கலாம், மீதியை கையில் கொடுங்க” என்று நடுவில் ஒரு குரல் வரும். கேட்காதீர்கள். அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குக் கீழே எழுதினாலும் தீர்வை அந்த மதிப்புக்குத்தான். வீடு, நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அவரே ரொக்கம் வேண்டாம் என்பார்.

இனி நான் வழக்கமாகத் தொண்டை கட்டும்வரை சொல்கிற விஷயம். விலையைப் பேசுவதற்கு முன்னால் கையெழுத்துகளை எண்ணுங்கள். இங்கே ஒரு வீடு என்பது ஒரு ஆளுடையது என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டையா கட்டியது, மகன்களுக்கு வளவில் ஆளுக்கு ஓர் அறை, இப்போது அவர்கள் பேரன்கள் பினாங்கிலும் பெங்களூரிலும். பெண் பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை என்று இன்னமும் கூசாமல் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பெண்களின் கையெழுத்தும் வேண்டும். பட்டாவிலோ இறந்து 40 வருடம் ஆனவர்கள் கூட்டுக் குடும்பமாக வாழ்கிறார்கள். எல்லாம் ஆன்லைன் என்கிறது அரசு. வாரிசுச் சான்றுக்கு அலைந்து பார்த்தவருக்குத்தான் அந்த ஆன்லைன் புரியும்.

“மற்ற பங்காளிகள் தொந்தரவு செய்ய மாட்டார்கள், இவர் பங்கை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், மலிவு” என்பார் தரகர். மலிவுதான். காரணம் இதுதான்: குடும்பம் வசிக்கும் வீட்டில் பிரிக்காத பங்கை வெளியாள் வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து அங்கே குடியிருக்கும் உரிமை அவருக்கு இல்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. பாகம் கேட்டு வழக்குப் போடலாம். போட்டால், 1893ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி மற்ற பங்காளி, “அவர் பங்கை நானே எடுத்துக்கொள்கிறேன்” என்று கேட்கலாம். நீதிமன்றம் மதிப்பிட்ட பணம் உங்கள் கைக்கு வரும், வீடு வராது. அதுவும் எத்தனை வருடம் கழித்து? நான் தொழிலுக்கு வந்தபோது நடந்துகொண்டிருந்த பாக வழக்குகளில் சில இன்னும் நடக்கின்றன. பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்து, அதில் இவர் பங்கு சுவரோடும் வாசலோடும் தனியாகக் காட்டப்பட்டிருந்தால் மட்டும் அந்தப் பங்கை வாங்கலாம். வாய்மொழிப் பாகம், பஞ்சாயத்துப் பேசி எழுதிய நோட்டு, “முப்பது வருசமா இவர்தான் பூட்டி வச்சிருக்கார்” என்பதெல்லாம் எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

ஆகவே தரகரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “மூலப் பத்திரமும் வாரிசுகள் பட்டியலும் காட்டுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுவதானால் 39, அறுபது நாளில் முழுப் பணம்.” பேசிப் பேசி 42க்கு வந்து நில்லுங்கள். வெளியூரில் சிதறிக் கிடக்கும் பங்காளிகளுக்கு, ஒரே தேதியில் வங்கி வழியாக வரும் 42, எப்போது வருமென்று தெரியாத 47ஐவிடப் பெரிசு. வில்லங்கச் சான்றை நீங்களே போட்டுப் பாருங்கள், தரகர் கொடுக்கும் ஜெராக்ஸ் வேண்டாம். முன்பணத்தை, விற்கிறவர்கள் கையெழுத்திட்ட கிரய ஒப்பந்தத்தின் பேரில் மட்டும் கொடுங்கள். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் அதையும் பதிவு செய்தாக வேண்டும்.

ஒப்பந்தத்தின் தபசிலில், அதாவது சொத்து விவரம் எழுதும் பகுதியில், நான்கு எல்லைகளோடு, பர்மாத் தேக்குத் தூண் எத்தனை, நிலையும் கதவும் எத்தனை, ஆத்தங்குடிக் கல் பதித்த அறைகள் எவை என்று எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்கிற தூண்களெல்லாம் ஒருகாலத்தில் ஏதோ ஒரு வீட்டில் நின்றவைதான். தேக்கைக் காட்டித்தான் உங்களிடம் 48 கேட்டார்கள். சாவி வாங்குகிற அன்று பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுங்கள், கொல்லைக் கதவையும் சேர்த்து.