பாமினியில் இருக்கும் கட்டுரைகள், பொங்கலுக்குத் திறக்கவிருக்கும் வலைத்தளம்

கேள்வி: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் நான். எங்கள் வட்டாரக் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி இருபது ஆண்டுகளாக எழுதிய அறுபது கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அக்காள் மகன் வேர்ட்பிரஸில் தளம் அமைத்துத் தந்திருக்கிறான். பொங்கலன்று திறக்க எண்ணுகிறேன். அதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பதில்: ஐயா, தளத்தின் நிறம், முகப்புப் படம் எல்லாம் பிறகு. முதலில் எழுத்தைக் கவனியுங்கள். பாமினியில் தட்டச்சு செய்தபோது கணினி சேமித்தது ஆங்கில எழுத்துகளைத்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் தந்தது அந்த எழுத்துரு. அப்படியே வலையேற்றினால் வாசகரின் கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும், கூகுளிலும் அகப்படாது. எனவே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறைக்கு, மாற்றியாக வேண்டும். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் மாற்றி தந்ததை அப்படியே நம்பிவிடாதீர்கள். பாமினியில் 'ள' என்ற எழுத்துக்கும் ஔகாரக் குறிக்கும் ஒரே விசைதான். 'பௌத்தம்' என்பதிலும் 'வெள்ளி' என்பதிலும் கொம்பு, மெய், ள என்று ஒரே வரிசையில்தான் விசைகள் பதிவாகியிருக்கும். எது ஔகாரம், எது ளகரம் என்று மாற்றி ஊகிக்கத்தான் முடியும். ஊகம் தவறினால் 'வெளி' என்பது 'வௌி' ஆகிவிடும். அல்லது 'பௌத்தம்' என்பதில் உண்மையான ள வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது தவறு கண்ணுக்குத் தெரியாது, தேடலில்தான் தெரியும்: பௌத்தம் என்று தேடுபவருக்கு உங்கள் கட்டுரை கிடைக்காது. ஔவையாருக்கும் இதே கதிதான். ஒவ்வொரு கட்டுரையிலும் வெளி, வெள், பௌ, கௌ, ஔ ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள்.

கல்வெட்டுக் கட்டுரை என்பதால் இன்னொன்றும் உண்டு. 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்கும் வாசகங்களை நிறைய மேற்கோள் காட்டியிருப்பீர்கள். ஸ்ரீ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஸகரத்தில் தொடங்குவது ஒன்று. 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' என்ற எழுத்தில் தொடங்குவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றைத் தேர்ந்து, அறுபது கட்டுரைகளிலும் அதையே வையுங்கள்.

அடுத்தது, கட்டுரைகளின் இணைய முகவரி. தலைப்பைத் தமிழில் இட்டால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கிவிடும். அங்கே ஒவ்வொரு தமிழ்க் குறியும், புள்ளியும் கொம்பும்கூட, '%E0%AE%95' என்பதுபோல ஒன்பது இடங்களாக விரியும். 'கல்வெட்டு' என்ற ஒரு சொல்லே 81 இடங்களை எடுத்துக்கொள்ளும். மொத்த வரம்பு 200 என்பதால் நீண்ட தலைப்பு நடுவில் வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகள் அணிவகுக்கும். ஆங்கில எழுத்துகளில் சுருக்கமான முகவரியை நீங்களே இட்டுவிடுங்கள். திறந்தபின் மாற்றினால், அதற்குள் பகிரப்பட்ட இணைப்புகள் முறிந்துபோகக்கூடும்.

தளப்பெயர் (டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி) யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? உங்களுடையதாக இருக்கட்டும். மருமகன் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. புதுப்பிக்கும் நினைவூட்டல் அவர் பயன்படுத்தாத பழைய முகவரிக்குப் போனால் இருபது ஆண்டு உழைப்புக்கு முகவரி இல்லாமல் போகும்.

படங்களின் அகலத்தை 1600 படப்புள்ளிகளுக்குள் (பிக்சல்) குறைத்து ஏற்றுங்கள். காவலற்ற வயல்வெளிகளில் நிற்கும் சிலைகளின் படம் என்றால், கைப்பேசி அதனுள் பதித்து வைத்திருக்கும் இடத் தகவலை நீக்காமல் ஏற்றவே ஏற்றாதீர்கள். சிலைத் திருடனுக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும்.

தளம் கட்டும் காலத்தில் தேடுபொறிகள் வரவேண்டாம் என்று வேர்ட்பிரஸ் அமைப்புகளில் 'வாசிப்பு' பகுதியில் ஒரு குறி இட்டிருப்பார்கள். திறக்கும் நாளில் அதை எடுத்துவிட்டார்களா என்று நீங்களே பாருங்கள். பல மாதங்கள் கழித்து 'கூகுளில் ஏன் வரவில்லை' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

அறுபதையும் பொங்கலுக்குள் திருத்தி முடிக்க முடியாது. நன்றாகப் பார்த்த பத்துக் கட்டுரைகளோடு திறந்து, பிறகு வாரம் ஒன்றாகச் சேருங்கள். பாமினிக் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஏதேனும் ஒரு சொல்லில் ஐயம் எழுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் மூலம்.