பீரோல பூட்டி வச்ச ரிப்போர்ட்

கேள்வி: ஆம்பூர்ல ஷூ கம்பெனில என் பொண்ணுக்கு (24) ஆறு வருஷமா பேஸ்டிங் டேபிள்ல, பசை தடவி ஒட்டற வேலை. ஒரு வருஷமா மாசம் தவறாம சளி, காய்ச்சல், வாய்ப்புண். ரத்த டெஸ்ட்ல வெள்ளை அணு கம்மியா, 2,900ன்னு வந்துச்சு. பயந்துடுவான்னு ரிப்போர்ட்ட அவகிட்ட காட்டாம பீரோல வச்சுட்டேன். தை மாசம் கல்யாணம். எதிர்ப்பு சக்தி ஏற என்ன குடுக்கலாம்?

பதில்: மாதுளை, முருங்கைக்கீரை, கருஞ்சீரகம்னு லிஸ்ட் எதிர்பார்த்து எழுதியிருக்கீங்க, அது என்கிட்ட இல்லம்மா. சொல்யூஷன்னு சொல்ற பசை டின் பக்கத்துல உக்கார்ற புள்ளைக்கு சத்து டானிக் கேட்டு எத்தனையோ லெட்டர் வந்தாச்சு, ஆனா உங்க லெட்டர்ல அந்த பீரோ வரியத் தாண்டி என்னால போக முடியல.

யாரோட ரத்தம் அது? ஆறு வருஷமா சம்பளத்த கொண்டாந்து உங்க கைல குடுக்கறவ, ஊசிக்கு கைய நீட்டினவ, அவ கணக்க அவகிட்டயே காட்டல. பயந்துடுவாளாம். பயப்படட்டும்மா, பயந்தாத்தான் நாளைக்கு அந்த டேபிள்ல போய் உக்கார மாட்டா. எனக்கென்னவோ உங்க பயம் வேறன்னு தோணுது, விஷயம் மாப்பிள்ளை காதுக்குப் போயிரும், தை தள்ளிப்போயிரும், அதானே?

வெள்ளை அணு எலும்பு மஜ்ஜைல ஊறுறது. பசைய இளக்கற திரவத்துல பென்சீன்ங்கற ரசாயனம் இருந்தா மூச்சு வழியா உள்ள போயி, கல்லீரல்ல உடைஞ்சு, அந்த உடைஞ்ச சரக்கு மஜ்ஜையவே கெடுக்கும், ஊத்துலயே விஷம் விழுந்தப்புறம் மாதுளை என்ன பண்ணும்? சீனாவுல தியான்ஜின்ல ஷூ கம்பெனி ஆளுங்க 250 பேர் ரத்தத்த பென்சீன் பக்கம் போகாத 140 பேரோட ஒப்பிட்டுப் பாத்து 2004ல வெளியிட்டாங்க, காத்துல பத்து லட்சத்துல ஒரு பங்குகூட பென்சீன் இல்லாத எடத்துல வேலை பாத்தவங்களுக்கே வெள்ளை அணு எறங்கியிருந்துச்சு. அதுக்கும் முன்னாடி 1970கள்லயே இஸ்தான்புல் செருப்புத் தொழிலாளிங்களுக்கு ரத்தப் புற்றுநோய் வர்றத முசாஃபர் அக்சாய்ங்கற டாக்டர் எழுதிட்டாரு. டின்ல பென்சீன்னு போட்டிருக்காது, டொலுவீன்னு வேற ரசாயனத்தோட பேரு இருக்கும், அதுக்குள்ள பென்சீன் கலந்து வரலாம். துணி மாஸ்க் தூசிக்குத்தான், ஆவி அதுல நிக்காது.

உங்க பொண்ணுக்கு இதுதான் காரணமான்னு ரத்தவியல் டாக்டர்தான் சொல்லணும், ஆனா ஆறு வருஷமா சொல்யூஷன் வேலைன்னு நீங்க வாயத் தொறக்கலன்னா அவரு வைரல் ஃபீவர்னு எழுதி அனுப்பிடுவாரு. ஈஎஸ்ஐ புடிக்கறாங்கன்னா அட்டைய எடுத்துட்டுப் போங்க, பென்சீன் பாதிப்பு சட்டத்துல இருக்கற தொழில் நோய்ப் பட்டியல்லயே இருக்கு. டாக்டர் சொல்ற வரைக்கும் அந்த டேபிள் வேணாம், லீவு போடட்டும், இல்ல வேற செக்‌ஷன் கேக்கட்டும், சம்பளம் குறைஞ்சா குறையட்டும், புள்ள சம்பாதிக்கறது புள்ளையவிடப் பெருசில்ல. இனி காய்ச்சல் வந்தா கசாயம் போட்டுக்கிட்டு உக்காராதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்றது, எப்ப சொல்றதுன்னு நானும் சொல்லல, நீங்களும் முடிவு பண்ணாதீங்க, அத அவ பாத்துப்பா. இன்னைக்கு ஷிஃப்ட் முடிச்சு வந்ததும் சோத்தப் போட்டுட்டு பீரோ சாவிய எடுங்க.