வக்கீனுஸும் ஆவினும்

அன்புள்ள ஐயா,

தடுப்பூசியைக் குறிக்கும் ‘வாக்சின்’ என்ற சொல், லத்தீனில் பசுவைக் குறிக்கும் ‘வக்கா’விலிருந்து வந்தது என்று படித்தேன். வக்கா + இன். நம்மிடம் ஆ + இன், ஆவின். இரண்டிலும் பசு, இரண்டிலும் இன். லத்தீன்காரர்கள் நம்மிடம் கடன் வாங்கியதுதானே இது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருப்பீர்கள் போல. ரசித்தேன், ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வக்காவிலிருந்து வந்த பெயரடை ‘வக்கீனுஸ்’, பசு சார்ந்தது என்று பொருள். (வக்கீலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது அரபுச் சொல்.) இந்த ‘ஈனுஸ்’ விலங்குப் பெயர்களில் தாராளமாக ஒட்டும். நாய் கனிஸ் என்றால் நாய்க்குரியது கனீனுஸ். நம் ‘இன்’ அப்படியில்லை. மரத்தின், வீட்டின் என்று எதோடும் வரும். ஆவுக்கு அது கட்டாயம்கூட இல்லை. ஆ, மா, கோ மூன்றும் வெறும் னகரச் சாரியையும் பெறும் என்கிறது நன்னூல். அப்படி வந்ததுதான் ஆன்பால்.

அப்புறம், ஆவின் பால், ஆவின் கன்று என்று எதற்கு முன்னால் வைத்தாலும் நம் சொல் மாறாது. வக்கீனுஸ் மாறும். அடுத்து நிற்கும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றையும் பார்க்கும். இறைச்சி, ‘கரோ’, பெண்பால். ஆகவே கரோ வக்கீனா. குடிக்கிற பால், ‘லாக்’, ஆணுமில்லை பெண்ணுமில்லை, லாக் வக்கீனும். பசு பெண் என்பது இங்கே கணக்கிலேயே வராது.

1796 மே 14 அன்று ஆங்கில மருத்துவர் எட்வர்ட் ஜென்னர், பெரியம்மையைத் தடுக்க, பசு அம்மை தொற்றிய பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையிலிருந்த கொப்புளத்துச் சீழை எடுத்து எட்டு வயதுப் பையனின் கையில் கீறி வைத்தார். 1798இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பில் அந்த நோய்க்கு ‘வரியோலாய் வக்கீனாய்’ என்று பெயர். பசு அம்மை. அம்மையைக் குறிக்கும் ‘வரியோலா’ பெண்பால், தலைப்பில் பன்மை. அதனால் பெயரடையும் அதே வேடம் போட்டது. பிறகு அம்மை உதிர்ந்து பெயரடை மட்டும் தனியே நின்றது. 1881இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், ஜென்னரைக் கௌரவிக்க அந்தச் சொல்லை மற்ற நோய்களுக்கான தடுப்புக்கும் நீட்டினார். அதற்குமேல் பசுவே தேவைப்படவில்லை.

சரி, ஆவினுக்கு லத்தீனில் நேர் எது? வக்கீனுஸ் அல்ல, ‘வக்காய்’. பசுவின் என்ற வேற்றுமை வடிவம். ஈனுஸின் உறவினர் ஆங்கிலத்தில் இருக்கிறார். பன்றியைக் குறிக்கும் ‘ஸ்வைன்’ என்ற சொல்லின் கடைசியில் இருப்பது அதே விகுதிதான்.