தூணுக்குள் இறங்கும் மழை

கேள்வி: சென்ற இதழில் ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடியை, இயற்கையிடம் பாடம் கேட்டுக் கட்டியவர் என்று வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். அதையெல்லாம் நம் ஐயாக்கள் அவருக்கு முன்பே செட்டிநாட்டில் செய்துவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர் செய்தால்தான் உங்களுக்குக் கலையா? அது நிற்க, புதிதாகக் கட்டும் எங்கள் வீட்டின் முகப்புச் சுவரில் கௌடியின் பாணியில் ஆத்தங்குடிக் கல்லை உடைத்து ஒட்டலாம் என்கிறான் என் மகன். செய்யலாமா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: காலக் கணக்கை முதலில் நேர்செய்துகொள்வோம். கௌடி 1852-இல் பிறந்து 1926-இல் மறைந்தவர். நாம் இன்று விருந்தாளிகளுக்குப் பெருமையோடு சுற்றிக்காட்டும் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை, பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பணத்தில் ஏறத்தாழ அதே காலத்தில் எழுந்தவைதான். ஆகவே முந்தியவர் யார் என்ற வழக்குக்கே இடமில்லை. ஒரே காலத்தவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

இயற்கையிடம் பாடம் கேட்டார் என்று நான் எழுதியது, அவர் தூணை மரம்போலவும் மாடத்தை எலும்புபோலவும் செதுக்கினார் என்பதற்காக அல்ல. (அந்த எலும்புத் தூண்கள்மேல் எனக்கு அப்படியொன்றும் மயக்கம் கிடையாது.) பார்சிலோனாவுக்கு அருகே, குயெல் என்ற ஆலை முதலாளி அமைத்த தொழிலாளர் குடியிருப்பின் தேவாலயத்தைக் கட்டும் பொறுப்பு 1898-இல் அவரிடம் வந்தபோது, அவர் வரைபலகையின் முன் உட்காரவில்லை. உத்தரத்திலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு, கட்டடத்தின் எந்தப் பகுதியில் எவ்வளவு பாரம் இறங்குமோ அதற்கு ஈடாக, ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளை அந்தக் கயிறுகளில் கட்டினார். வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம்போல ஒவ்வொரு கயிறும் தன் பாரத்துக்குத் தக்கபடி தொய்ந்து, தனக்கென ஒரு வளைவை எடுத்துக்கொண்டது. தொங்கும் கயிற்றில் இழுவிசை மட்டுமே இருக்கும். அதே வளைவைத் தலைகீழாக நிறுத்தினால் அழுத்தம் மட்டுமே இருக்கும். செங்கல்லும் கருங்கல்லும் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்கா என்பது நம் கொத்தனார் எவருக்கும் தெரிந்ததே. அந்த மாதிரியைப் படமெடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் தேவாலயத்தின் வடிவம் கிடைத்துவிடும். இந்த மாதிரிக்கே ஏறக்குறைய பத்து ஆண்டுகள் செலவாயின. கட்டுமானம் 1908-இல் தொடங்கி 1914-இல் நின்றுபோனதால், இன்று அங்கே இருப்பது நிலவறை மட்டும்தான். ஆனாலும் பார்சிலோனாவில் அவர் கட்டிவந்த சக்ராதா ஃபமிலியா பேராலயத்தின் உள்ளே சாய்ந்து கிளைவிடும் தூண்கள் அந்தக் கயிறுகள் கற்றுக்கொடுத்த பாடத்தில் பிறந்தவை. பழைய ஐரோப்பியக் கோயில்களின் சுவர்களை வெளியிலிருந்து முட்டுக்கொடுத்துத் தாங்கும் அமைப்பை ஊன்றுகோல் என்று எள்ளிய மனிதர், அந்த முட்டே தேவைப்படாத வழியைக் கண்டார்.

நம் வீடுகளில் இந்தச் சாதனை இல்லை என்பதை மனம் கோணாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். நேரான பர்மாத் தேக்கை நிறுத்தி அதன்மேல் நேரான உத்தரத்தைப் போடுவது உலகெங்கும் உள்ள பழைய முறை. தேக்கு பர்மாவிலிருந்தும் சலவைக்கல் இத்தாலியிலிருந்தும் கப்பலேறி வந்திருக்க, மண்ணோடு மண்ணாக முளைத்த வீடு என்று இவற்றை வருணிப்பதும் மிகைதான்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் கதை வேறு. பார்சிலோனாவின் குயெல் பூங்காவில் விரிந்த மேடையொன்றை 86 தூண்கள் தாங்குகின்றன. மேடையில் பெய்யும் மழை மண்ணில் வடிகட்டப்பட்டு, தூண்களுக்குள் இறங்கி, அடியில் 12 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டியில் சேர்கிறது. சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுத்துக்கொள்ளும் அந்தப் பல்லிச் சிலையின் வாய், உண்மையில் தொட்டி நிரம்பினால் நீர் வழியும் மறுகால். நம் வீடுகளில் நாற்புறமும் உள்நோக்கிச் சரியும் நாட்டோட்டுக் கூரை மழையை முற்றத்துக்குக் கொண்டுவரும். அண்டாக்களில் பிடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியே தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போகும். கௌடி ஒரு பூங்காவுக்குச் செய்ததை இங்கே ஊர் ஊராகச் செய்திருக்கிறார்கள். அதுவும் பெயர் போட்டுக்கொள்ளாத கொத்தனார்களும் ஆசாரிகளும். இந்த இடத்தில் உங்கள் பெருமைக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

போட்டுவிட்டு ஒன்று கேட்கிறேன். அந்த முற்றத்தின்மேல் இன்று எத்தனை வீடுகளில் ஃபைபர் ஷீட் போட்டு அடைத்திருக்கிறோம்? எத்தனை ஊருணிகளின் வரத்துக்கால் மண்மேடாகிக் கிடக்கிறது? பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் இடித்த வீடுகளின் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலை பேசப்படுகின்றன. செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் இடம்பெற்றபோது மகிழ்ந்த நாம்தான், ஐயாக்கள் கட்டிய வீட்டைச் சதுர அடிக் கணக்கில் விற்பவர்களும். கௌடியின் பேராலயத்தை அவர் மறைந்த பிறகும் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வருகிறார்கள். 1936-இல் உள்நாட்டுப் போரின்போது அவருடைய பட்டறை சூறையாடப்பட்டு மாதிரிகள் நொறுக்கப்பட்ட பின்பும், கிடைத்த துண்டுகளை ஒட்டவைத்துப் படித்துத்தான் வேலையைத் தொடர்ந்தார்கள்.

இனி உங்கள் மகனின் யோசனை. கௌடி ஓட்டுச் சில்லுகளைப் பதித்ததற்குக் காரணம் உண்டு. தட்டையான ஓடு வளைந்த பரப்பில் படியாது, உடைத்தால் படியும். உடைத்தவையும் பெரும்பாலும் கழிவாகப் போன பளபளப்பு ஓடுகளும் பீங்கான் துண்டுகளும்தான். ஆத்தங்குடிக் கல் அந்த இனமே அல்ல. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, முதுகில் மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது, சூளைக்கே போகாதது, கண்ணாடி முகத்திலிருந்து பளபளப்பை வாங்கிக்கொண்டு, காலடி படப்பட மெருகேறுவது. தரைக்காகப் பிறந்த கனமான கல் அது. ஒரு கைவினைஞர் முழுதாக வார்த்துக் கொடுத்ததை விலைக்கு வாங்கிவந்து சுத்தியலால் உடைத்து, வளைவே இல்லாத சுவரில் ஒட்டுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? கல்லை முழுதாகத் தரையில் போடச் சொல்லுங்கள். சில்லு பதித்தே ஆகவேண்டும் என்றால், பழைய வீடு இடித்த இடத்தில் உடைந்த பீங்கானும் ஓடும் குவிந்து கிடக்கும், அள்ளிவரச் சொல்லுங்கள். அப்படியே, புது வீட்டில் முற்றம் வைத்திருக்கிறாரா, அதன் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.