நூலகப் பக்கம்: பழைய சொல்லை எங்கே மாற்றலாம்?

கேள்வி: எங்கள் கணினிப் பட்டியலில் சில சமூகங்களை இழிவாகச் சுட்டும் பழைய சொற்கள் இன்னும் இருக்கின்றன. தேடிப் பிடித்து மொத்தமாக மாற்றிவிடலாமா?

பதில்: மொத்தமாக மாற்றினால் வம்பு. அந்தச் சொல் பதிவின் எந்தப் புலத்தில் (எண்ணிட்ட பகுதியில்) இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நூலக விவரங்களைக் கணினிக்கேற்ற வடிவில் எழுதும் மார்க் (MARC) பதிவில் 245 என்பது நூலின் தலைப்பு. அது அச்சில் உள்ளதன் நகல், எவ்வளவு கசந்தாலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் அலமாரியில் உள்ள புத்தகம் ஒன்று, பதிவு சொல்வது வேறொன்று என்றாகிவிடும். 650இல் உள்ள பொருள் தலைப்பு, அதாவது நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் சொல், அப்படியல்ல. அது பட்டியலாளர் கொடுத்தது, அதில் உள்ள வசவுக்கும் நாம்தான் பொறுப்பு.

மாற்றும் முன் பதிவுகளை ஏற்றுமதி செய்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இருபது பதிவுகளில் சோதித்த பிறகே மீதியைத் தொடுங்கள். எந்தச் சொல்லைத் தலைப்பாகப் பயன்படுத்துவது என்று வரையறுக்கும் அத்தாரிட்டி பதிவில் புதுச் சொல்லை 150இலும் பழைய சொல்லை 450இலும் எழுத வேண்டும். 450ஐ விட்டுவிட்டால், பழைய சொல்லை மட்டுமே அறிந்தவர் தேடும்போது ‘பதிவு இல்லை’ என்று வரும். நூல் உள்ளே இருந்தும் இல்லாததுபோல்தான்.

பலர் சறுக்கும் இடம் 650இன் இரண்டாம் இண்டிகேட்டர், அதாவது சொல் எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்று காட்டும் ஓரிலக்கக் குறி. நீங்களே வைத்த சொல்லுக்கு அதில் 0 போட்டால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்பு என்று அர்த்தமாகும். அடுத்த அத்தாரிட்டி புதுப்பிப்பில் அது பிழையென்று ஒதுக்கப்படலாம். 7 போட்டு, டாலர் 2 ($2) என்ற துணைப்புலத்தில் ‘லோக்கல்’ (local) என்ற குறியைக் கொடுங்கள். வெளியிலிருந்து புதுப் பதிவுகளை இறக்கும்போது பழைய சொல் மறுபடி நுழையும். மாதம் ஒரு முறை அதே தேடலை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

அந்தக் காங்கிரஸ் நூலகமே ‘இல்லீகல் ஏலியன்ஸ்’ (சட்டவிரோத அந்நியர்கள்) என்ற பொருள் தலைப்பைக் கைவிடப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் 2014இல் கேள்வி எழுப்பினார்கள். 2016இல் மாற்ற ஒப்புக்கொண்டதும் அரசியல் எதிர்ப்பு கிளம்பியது. 2021இல்தான் ‘நான்சிட்டிசன்ஸ்’ (குடிமக்கள் அல்லாதோர்), ‘இல்லீகல் இமிக்ரேஷன்’ (சட்டவிரோதக் குடியேற்றம்) என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று ஆளைக் குறிக்கிறது, மற்றது செயலைக் குறிக்கிறது. இப்படி ஒன்று இரண்டாகும்போது ‘கண்டுபிடி, மாற்று’ கட்டளை போதாது. புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க ஆள் வேண்டும்.

கேள்வி: சொல் சரி, எண்ணில்கூடவா ஓரவஞ்சனை இருக்கும்?

பதில்: இருக்கிறது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பில் ஆங்கில மொழிக்கு 420, மூன்றே இலக்கம். தமிழுக்கு 494.811. சமயப் பிரிவில் 220 முதல் 289 வரை பெரும்பாலும் கிறிஸ்தவத்துக்குப் போய்விட்டது; இந்து சமயம் 294.5இல், இஸ்லாம் 297இல். உட்பிரிவு சேரச் சேர எண் நீண்டு முதுகு லேபிளில் இரண்டு வரியாகும், அடுக்குபவர் தவறான இடத்தில் செருகுவார்.

அமெரிக்காவின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்த டாரதி போர்ட்டர் இத்தகைய ஓரவஞ்சனையை நேரடியாக எதிர்கொண்டார். கறுப்பின எழுத்தாளர் எதை எழுதினாலும் 325 (குடியேற்றம்), 326 (அடிமைமுறை) ஆகியவற்றில் தள்ளும் வழக்கம் இருந்தது. கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் வைத்தார் அவர்.

சிறிய நூலகம் எல்லாவற்றையும் மறுபகுப்பு செய்வது வீண் செலவு என்பேன். ஒவ்வொரு நூலுக்கும் லேபிள், பதிவு, அலமாரி இடம் மூன்றும் மாறியாக வேண்டும். பாதியில் நின்றால் முன்பைவிட மோசம். அதிகம் புழங்கும் ஒரு பிரிவை மட்டும் எடுங்கள். உள்ளூர் மொழி இலக்கியத்துக்கு 8க்குப் பின் ஓர் எழுத்தைச் சேர்த்துக் குட்டையான எண் தர டியூயியிலேயே விருப்பத்தேர்வு உண்டு.

கேள்வி: பழைய புகைப்படத்தின் பின்புறம் இழிவான குறிப்பு எழுதியிருக்கிறது. அதையே தலைப்பாக்கலாமா?

பதில்: வேண்டாம். படத்தில் தெரிவதை வைத்து நீங்களே ஒரு தலைப்பு எழுதி, சதுர அடைப்புக்குள் இடுங்கள். பின்புறக் குறிப்பை 500 என்ற பொதுக் குறிப்புப் புலத்தில் மேற்கோள் குறிக்குள் அப்படியே தந்து, ‘படத்தின் பின்புறம் எழுதியுள்ளபடி’ என்று சேருங்கள். யாருடைய சொல் எது என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். முகத்தையும் உடையையும் பார்த்து யாருக்கும் சாதியோ மதமோ பாலினமோ ஊகித்து எழுதாதீர்கள்.